இடுப்பு இருக்கும்போது வண்டி எதற்கு என்பவர்களுக்கு

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்து ஊர்களான ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், கைக்குழந்தை உள்ள வீட்டில் ஸ்ட்ரோலர் வாங்கலாமா என்ற பேச்சு எழுந்தால் பதில்கள் தயாராக இருக்கின்றன. "இடுப்பு எதுக்கு இருக்கு?" என்பார் வீட்டுப் பெரியவர். "இந்த ரோட்டுல எங்கிட்டு வச்சுத் தள்ளுறது?" என்பார் இன்னொருவர். "அதெல்லாம் சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்கு" என்று பக்கத்து வீட்டு மதினி முடித்து வைப்பார். இதையெல்லாம் தாண்டிக் கடைக்குப் போய் மூன்று சக்கர வண்டியைக் காட்டச் சொன்னால், "மூணு சக்கரம் கவுந்துரும்க்கா, நாலு சக்கரமே எடுத்துக்கங்க" என்று சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சக்கரம் வைத்த ஒன்றை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இந்த நான்கு பேச்சையும் மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். கைக்குழந்தைக்கு வண்டி ஆடம்பரம் இல்லை. நம் ஊர்த் தெருவுக்குப் பொருந்துவது பெரிய சக்கரம் மூன்று வைத்த வண்டிதான்.

முதலில் இடுப்பு. யாருடைய இடுப்பு என்பதுதான் கேள்வி. அந்தப் பேச்சைப் பேசுகிற ஆண்கள் பிள்ளையைத் தூக்குவது திருவிழாக் கூட்டத்தில் தோளில் வைத்துச் சாமி காட்டும் அரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் பிள்ளை இருப்பது பெற்றவள் இடுப்பில். அவள் வேலைக்குப் போய்விட்டால் அம்மாச்சியின் இடுப்பிலோ அப்பத்தாவின் இடுப்பிலோ. தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றில் ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன். அறுவை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம், சில வாரங்களுக்குப் பிள்ளையின் எடையைவிடக் கனமான எதையும் தூக்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். அந்தப் பிள்ளை பிறக்கும்போது மூன்று கிலோ. ஒரு வயதில் ஒன்பது, பத்து கிலோ. வயிற்றுத் தசை இன்னும் பழைய வலுவுக்குத் திரும்பாத உடம்பில், பத்துக் கிலோவை எப்போதும் ஒரே பக்கம் வைத்து, முதுகெலும்பை மறுபக்கம் வளைத்து, கையில் பையும் பிடித்துக்கொண்டு அவள் நடக்கிறாள். பிரசவம் ஆன கையோடு பாரம் தூக்கி, பிற்காலத்தில் கர்ப்பப்பை இறங்கி, அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் மறைத்து வைத்திருக்கும் பெண்கள் இந்த ஊர்களில் எத்தனையோ பேர். சத்திரப்பட்டித் தறியிலோ ராஜபாளையத்து மில்லிலோ எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்கு வந்ததும் அதே காலில் நின்று பிள்ளையைச் சுமக்கிற வேலை காத்திருக்கிறது. இடுப்புக்குச் செலவில்லை என்று கணக்குப் போடுகிறார்கள். செலவு இருக்கிறது. அது நாற்பது வயதுக்கு மேல் எலும்பு டாக்டரிடம் போகும்போது தெரியவரும்.

இடுப்பில் வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கால்களை அகட்டி இடுப்பில் உட்காருவது குழந்தையின் தொடை மூட்டு சரியாக வளர நல்லது. தாயின் சூடும் குரலும் வேறு எதிலும் கிடைக்காது. கழுத்து உறுதியாக நின்று உட்காரப் பழகாத பிள்ளையை, அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் வரைக்கும், குலுங்குகிற இருக்கையில் நிமிர்த்தி உட்கார வைக்கவே கூடாது. அதுவரை மடியும் தோளும்தான். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளையைத் துணியில் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வதில் பெரிய அறிவு இருக்கிறது. பாரம் இரண்டு தோளுக்கும் பிரிகிறது, இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சுகிறது. டவுனுக்கு வந்த நாம் அந்தத் துணியை விட்டுவிட்டு ஒற்றை இடுப்பை மட்டும் வைத்துக்கொண்டோம். வண்டி வந்தால் தூக்குவது நின்றுவிடும் என்ற பயமும் வீண். வண்டி வாங்கிய வீட்டிலும் பிள்ளை அழுதால் தூக்கத்தான் செய்வார்கள். தூக்க வேண்டும் என்று தோன்றும்போது தூக்குவதற்கும், வேறு வழியே இல்லாமல் ஒரு கிலோமீட்டர் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது ரோடு. நம் ரோடு மோசம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தெருவுக்குத் தெரு அடுக்கடுக்காக வேகத்தடை. வாறுகால் மேல் போட்ட சிலாப் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் கிடக்கும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம், வீடு கட்ட இறக்கிய மணல், ஓரமெல்லாம் சரளை. ஆனால் இதை வைத்து வண்டியே ஆகாது என்று முடிவுகட்டுவது சரியில்லை. எந்தச் சக்கரம் ஆகும், எது ஆகாது என்று பார்க்க வேண்டும்.

கடையில் நீட்டுகிற சின்னச் சக்கர வண்டி எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறங்குசக்கர அமைப்பில் வேலை செய்தவர், 1965இல் குடைபோல் மடங்கும் குழந்தை வண்டியை வடிவமைத்தார். விமானத்திலும் ரயிலிலும் மடக்கி எடுத்துப் போக வேண்டும் என்பது நோக்கம். உருளப் போவதோ வழுவழுப்பான நடைபாதையில். எடை குறைய வேண்டும், ஆகவே சக்கரமும் சிறுத்தது. அந்தத் தேவைக்கு அது அருமையான கருவி. மூன்று சக்கர வண்டியின் பிறப்பு வேறு. அமெரிக்காவில் யாகிமா என்ற ஊரில் பத்திரிகையில் வேலை பார்த்த ஃபில் பேக்லர், மகனையும் கூட்டிக்கொண்டு ஓட்டப்பயிற்சி போக ஆசைப்பட்டு, 1984இல் குழந்தை வண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பூட்டினார். மேடு பள்ளத்தில் ஓடும்போது பிள்ளை குலுங்கக் கூடாது என்பதே அவர் கவலை. இந்த இரண்டில் நம் தெருவுக்கு எது அந்நியம் என்று நீங்களே பாருங்கள்.

இதில் கணக்கும் இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் உயர விளிம்பு ஒன்று குறுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாறுகால் சிலாப்பின் ஓரம் சாதாரணமாக அவ்வளவு இருக்கும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தை நேராகத் தள்ளி அதில் ஏற்றத் தேவைப்படும் விசை, 30 சென்டிமீட்டர் சக்கரத்துக்குத் தேவைப்படுவதைப்போல் இரண்டரை மடங்கு. சின்னச் சக்கரம் விளிம்பில் முட்டி நிற்கும், தள்ளுகிறவளின் வேகம் நிற்காது, வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு பிள்ளை முன்னால் சரியும். பெரிய சக்கர வண்டியில் கைப்பிடியை லேசாக அமுக்கினால் முன்னால் இருக்கும் ஒற்றைச் சக்கரம் மேலே எழும்பும். அதை விளிம்பில் ஏற்றி வைத்துத் தள்ளினால், பின்சக்கரம் இரண்டும் தானே உருண்டு ஏறிவிடும். மணலிலும் சரளையிலும் முன்சக்கரம் திரும்பாதபடி பூட்டிக்கொண்டால் நேராகப் போகும். நல்ல தளத்தில் பூட்டைத் திறந்தால் கடைச் சந்தில்கூடச் சுலபமாகத் திரும்பும்.

மூன்று சக்கரம் ஆடாது என்பதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம். சமமில்லாத தரையில் நாற்காலி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடும், முக்காலி ஆடாது. குண்டும் குழியுமான தெருவில் நான்கு சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். மூன்று சக்கரமும் எப்போதும் தரையில் ஊன்றியிருக்கும்.

அப்படியானால் கவிழ்கிறது என்பது முழுப் பொய்யா? இல்லை. சாய்வான இடத்தில் வேகமாகத் திருப்பினால் மூன்று சக்கர வண்டி பக்கவாட்டில் சாயும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் முன்பக்கம் அதற்கு அகலம் கிடையாது. அதனால்தான் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும் என்கிறேன். பின்சக்கரங்கள் இரண்டும் நன்றாக விலகி, இருக்கை அவற்றுக்கு நடுவே தாழ்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கடையிலேயே கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இடுப்பு, தோள், கால் இடுக்கு என ஐந்து இடத்தில் பூட்டும் பெல்ட் இருக்கிறதா பாருங்கள். பின்சக்கரத்தை மிதித்துப் பூட்டும் பிரேக்கை நாலைந்து தடவை போட்டு எடுங்கள். செருப்புக் காலோடு சிரமமில்லாமல் எடுக்க வருகிறதா என்பது முக்கியம். தள்ளுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வாரும் இருக்க வேண்டும். கழற்றி மாட்டும் முன்சக்கரம் என்றால், ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் இழுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் மூன்று சக்கர வண்டிகளில் முன்சக்கரம் ஓட்டத்திலேயே கழன்று பிள்ளைகளுக்கு அடிபட்டு, 2018இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டது. கடைசியாக ஒன்று: கைப்பிடியில் காய்கறிப் பையைத் தொங்கவிடாதீர்கள். பிள்ளையைத் தூக்கிய மறுகணம் வண்டி பின்னால் மல்லாந்துவிடும். கவிழ்ந்தது என்று சொல்லப்படும் கதைகளில், இப்படிப் பை தொங்கவிட்ட கதைகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

டயருக்கு வருகிறேன். இதை ஊர்க்காரர்கள்தான் யோசிக்க வேண்டும், வெளியூர் விளம்பரம் சொல்லித்தராது. காற்றடைத்த டயர்தான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் நம் மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேல முள். ஆகவே பஞ்சர் நிச்சயம். பயப்பட ஒன்றுமில்லை. 12 இஞ்ச், 16 இஞ்ச் என்பவை சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் அளவுகள். அந்த டியூப் நம் ஊர் சைக்கிள் கடையில் கிடைக்கும், ஒட்டித்தரவும் ஆள் உண்டு. பல வண்டிகளில் பைக்குக்குக் காற்றடிக்கிற அதே வால்வுதான். இந்த வேலையே வேண்டாம் என்பவர்கள் உள்ளே ஃபோம் நிரப்பிய டயர் வாங்கலாம். கொஞ்சம் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும், முள் ஒன்றும் செய்யாது. சின்னச் சக்கர வண்டியின் கடினப் பிளாஸ்டிக் சக்கரம் தேய்ந்து பிளந்தால் மாற்றுச் சக்கரத்துக்கு எங்கே போவீர்கள்?

வெளிநாட்டுப் பழக்கம் என்ற பேச்சைக் கேட்கும்போதுதான் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாமல் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை பேசுகிறது. நடை பழகும் பிள்ளைக்குத் தச்சர் செய்து தரும் மர நடைவண்டிக்கும் மூன்றே சக்கரம். அது உட்கார வைத்துத் தள்ளும் வண்டி இல்லைதான். ஆனால் பிள்ளைக்குச் சக்கரம் செய்து கொடுப்பது நம் வழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். இதில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. ஸ்ட்ரோலர் வேண்டாம் என்ற அதே வீட்டில், பிள்ளையை நடுவில் உட்கார வைத்து உருள விடும் பிளாஸ்டிக் வாக்கரைத் திருவிழாக் கடையில் வாங்கிப் போடுகிறார்கள். அந்த வாக்கரை விற்கவும் இறக்குமதி செய்யவும் கனடா 2004இல் தடை விதித்தது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, பதினைந்து மாதத்துக்குட்பட்ட 2,30,000க்கும் அதிகமான குழந்தைகள் அதனால் காயப்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்ததாக மருத்துவ ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பெரும்பாலும் படியில் உருண்டு தலையில் அடி. நடையைச் சீக்கிரம் கொண்டுவரும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. ஆபத்தானதை வாங்கிக் கொடுத்துவிட்டு, பெல்ட் போட்டுப் பெரியவர் கைப்பிடியில் போகும் வண்டியைப் பகட்டு என்கிறோம்.

இந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கே போவது என்ற கேள்விக்கு என் பதில் செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே எட்டுக் கிலோமீட்டர். மாந்தோப்பும் தென்னந்தோப்புமாக இரண்டு பக்கமும் நிழல், எதிரே மலை. 1988இல் சாம்பல் நிற அணிலுக்கென்று சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு அங்கே தொடங்குகிறது. விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பெண்கள் பிள்ளையை இடுப்பு மாற்றி இடுப்பு வைத்துக்கொண்டு நடப்பதையும், ஆண்கள் பத்தடி முன்னால் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவதையும் யாரும் பார்க்கலாம். தோப்புகளுக்கு நடுவே போகிற அந்தச் சாலையில் காற்று டயர் வண்டி சிரமமில்லாமல் போகும். இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்துவிட்டால் பிள்ளையின் கண்ணுக்கு நேரே மரக்கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கிடப்பது தெரியும்; அந்த அணில் தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவுவது அப்படிக் கோத்த கிளைகளில்தான். அம்மாவின் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு அது பெரிய உலகம்.

ஆனால் வனத்துறை சோதனைச்சாவடியோடு வண்டிக்கு வேலை முடிந்தது. அதற்கு மேல் காட்டழகர் கோயிலுக்கு ஏறுகிற பாதை பாறையும் ஓடையும். அங்கே எந்த வண்டியும் ஆகாது, துணியில் கட்டியோ தோளில் வைத்தோதான் போக வேண்டும், அனுமதி உள்ள நாளில் மட்டும். யானை இறங்கும் பகுதி என்பதால் காலையில் போய் வெயில் ஏறுமுன் திரும்புவது நல்லது. எல்லா இடத்துக்கும் போகும் வண்டி என்று விற்பவர் பேச்சையும் நான் நம்பச் சொல்லவில்லை. டவுன் பஸ்ஸே கதி என்றிருப்பவர்களுக்கு இந்த வண்டி உதவாது. பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்றாலும், பத்துப் பன்னிரண்டு கிலோ வண்டியையும் பிள்ளையையும் அந்த உயரப் படியில் ஒருத்தியாக ஏற்ற முடியாது. அவர்கள் துணியில் கட்டிக்கொள்வதே மேல். பால்வாடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே போகிறவர்களுக்குத்தான் நான் இதைச் சொல்கிறேன். நம் ஊர்களில் அவர்களே அதிகம்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை தூங்கிவிட்டதென்று வண்டியின் மேல் துண்டைப் போட்டு மூடுகிறார்கள்; செய்யவே கூடாது. சிட்னி பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட சோதனையில், உலர்ந்த துணியால் மூடியதும் உள்ளே சூடு ஏறியது. நனைத்த மெல்லிய மஸ்லினைப் போட்டுச் சிறிய விசிறியும் வைத்தபோது சுமார் 5 டிகிரி இறங்கியது. காற்றுப் புகும் மெல்லிய துணி நமக்குத் தூரத்தில் இல்லை. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். புகையையும் மறக்கக் கூடாது. வண்டியில் தாழ உட்காரும் குழந்தை, பெரியவர்களைவிட 60 விழுக்காடு வரை கூடுதலாக மாசுக்காற்றை வாங்கக்கூடும் என்று சர்ரே பல்கலைக்கழகத்தின் பிரசாந்த் குமார் குழுவினர் 2018இல் எழுதினார்கள். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை இரண்டு ஊரின் நடுவிலும் போகிறது. அதன் ஓரமாகத் தள்ளாமல் உள்தெரு வழியே சுற்றிப் போங்கள்.

ரோடு சரியில்லை, அதனால் வண்டி வேண்டாம் என்று நாமே அடங்கிப்போவதால் யாருக்கு லாபம்? நடைபாதை தடையில்லாமல் 1.8 மீட்டராவது அகலம் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிமுறை சொல்கிறது. தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. நம் ஊருக்கு இதைச் செய்யத் தெரியாமலும் இல்லை. ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் வருகிறதென்றால் ரதவீதியில் பள்ளம் பார்த்து நிரப்புகிறார்கள், குறுக்கே நிற்பதையெல்லாம் அகற்றுகிறார்கள். சக்கரம் ஓட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் வீதி தானாகச் சமமாகிறது. ஒரு தெருவில் பத்து அம்மாமார் வண்டி தள்ளிக்கொண்டு வந்து ஒரே சிலாப்பில் தினமும் முட்டி நின்றால், கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு காரணம் கிடைக்கும். அந்தச் சிலாப்பைச் சரிசெய்தால் சக்கர நாற்காலியில் வருகிறவரும் ஊன்றுகோலோடு நடக்கிற பெரியவரும் அதே வழியில் போவார்கள்.

விலை கூடத்தான். நல்ல மூன்று சக்கர வண்டி பத்தாயிரத்துக்குக் குறைந்து கிடைப்பது அரிது. ஆனால் ஒரு பிள்ளைக்கு இரண்டு, மூன்று வருடம் ஓடும், டயரை மாற்றி அடுத்த பிள்ளைக்கும் சித்தி வீட்டுக்கும் கொடுக்கலாம். காதணி விழாவுக்கு மண்டபம் பிடிக்கிறோம், தெரு நீளத்துக்கு பிளெக்ஸ் வைக்கிறோம், தாய்மாமன் சீர் என்று தாம்பாளம் தாம்பாளமாக வரிசை எடுக்கிறோம். தாய்மாமன்மார்களே, அந்த வரிசையில் இந்த வண்டியையும் வையுங்கள். வாங்கும் முன் உங்கள் அக்காளையோ தங்கச்சியையோ கடைக்குக் கூட்டிப் போய், கைப்பிடி அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று அவளையே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.